பதினெட்டே முக்கால் லட்சமும் ஒரு காணி முந்திரிக் கொல்லையும்

என் அண்ணன் மகனுக்கு வேலை போன செய்தி காடாம்புலியூருக்கு வந்து சேரும் முன்பே, அவனுக்கு இருபது லட்சம் வந்த செய்தி வந்துவிட்டது. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதிமூன்று வருடம் வேலை பார்த்தவன். ஒரு லைனை மூடுகிறோம், விருப்ப ஓய்வில் போகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். 2025 செப்டம்பரோடு கணக்கை முடித்துவிட்டார்கள். டிசம்பரில் கடலூர் சிப்காட்டில் வேறு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனாலும் வேலை.

இடைப்பட்ட நாட்களில் அந்த இருபது லட்சத்துக்கு ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு ஒரே பேச்சு: "ஒரு காணி கொல்லை வாங்கிப் போட வேண்டியதுதானே." மருமகளின் தம்பிக்கு முந்திரிக் கொட்டை உடைக்கும் யூனிட். கூட வேலை பார்த்த ஒரு பையன், செல்போனில் ஏதோ ஆப்பைக் காட்டி தினமும் லாபம் என்று சொல்லியிருக்கிறான். நான் அரசு வங்கியில் கவுன்ட்டரில் ஆரம்பித்து, மேனேஜர் நாற்காலியில் உட்காராமலேயே ஓய்வு பெற்றவள். அதனால் என்னிடம் வந்தான். "எதுல போடலாம் அத்தை, நீங்களே சொல்லுங்க."

எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எதில் போடுவது? முதலில் காகிதங்களை எடுத்து வரச் சொன்னேன்.

விருப்ப ஓய்வுத் தொகை 18 லட்சம். கிராஜுவிட்டி தனி. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடச் சேவைக்கு 15,000. பதிமூன்று வருடத்துக்கு 1,95,000. இரண்டையும் கூட்டித்தான் ஊர் இருபது லட்சம் என்று பேசியது. ஊர் கணக்கில் வருமான வரி இல்லை.

கிராஜுவிட்டிக்கு 20 லட்சம் வரை வரி கிடையாது. அது முழுசாக அவனுக்குத்தான். விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சத்துக்கு மட்டுமே விலக்கு. அதுவும் பத்து வருடச் சேவையோ 40 வயதோ ஆகியிருக்க வேண்டும், திட்டம் வரி விதிகளுக்குப் பொருந்த வேண்டும், அதே நிர்வாகத்தின் இன்னொரு கம்பெனியில் போய்ச் சேரக்கூடாது. ஆயுளில் ஒரு தடவைதான் இந்தச் சலுகை. மீதி 13 லட்சம், அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பழைய சம்பளம் 2.4 லட்சம், டிசம்பரிலிருந்து மார்ச் வரை புதுச் சம்பளம் 1 லட்சம். நிலையான கழிவு 75,000 போனால் 15.65 லட்சம். புதிய வரி முறையில் 2025-26-க்கு இதற்கு வரியும் செஸ்ஸும் சேர்த்து 1,19,340 ரூபாய். 12 லட்சம் வரை வரி இல்லை என்று டி.வி.யில் கேட்டவன், வாழ்நாளில் வரியே கட்டாதவன், இந்த எண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. வரி போக, கையில் நிற்பது ஏறக்குறைய பதினெட்டே முக்கால் லட்சம்.

கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். வெளியே அனுப்புவதில் 'விருப்ப ஓய்வு' வேறு, 'ஆட்குறைப்பு' வேறு. ஆட்குறைப்பு என்றால் 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின்படி ஒவ்வொரு முழு வருடச் சேவைக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் கட்டாயமாக இருந்தது. இவன் மொத்தச் சம்பளம் 40,000. அப்படிப் பார்த்தால் 2.6 லட்சம்தான் சட்டப்படி வர வேண்டியது. வரி விலக்கும் அந்த அளவோடு நின்றுவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 15 நாள் உண்டு. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சிக்கென்று கூடுதலாக 15 நாள் சம்பளமும் உண்டு. 'விருப்பப்பட்டு' எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் கூடுதல் வராது. சட்டம் சொல்லும் தொகைக்கும் கம்பெனி தரும் தொகைக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருக்கிறதே, அந்தத் தூரத்தைத்தான் சங்கங்கள் பேசிப் பேசி வாங்குகின்றன. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பர் 9-இல் அறிவித்த பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் பேச்சும் போராட்டமும் நடந்தன. 2022-இல் நிர்வாகம் முன்வைத்த கணக்கு, ஒரு வருடச் சேவைக்குச் சராசரியாக 130 நாள் சம்பளம். சட்டத்தில் இருப்பது 15.

அதே ஃபோர்டு 2025 அக்டோபர் கடைசியில், 3,250 கோடி ரூபாய் போட்டு மறைமலைநகரில் இன்ஜின் தயாரிக்கப் போவதாக அறிவித்தது. உற்பத்தி 2029-இல். போன கம்பெனி திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். ஏழு வருடம் காத்திருந்து சாப்பிட எந்த செட்டில்மெண்டும் போதாது.

இப்போது நான் அவனிடம் சொன்ன முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இது லாட்டரியில் விழுந்த பணம் இல்லை, தாத்தா சொத்தும் இல்லை. இனிமேல் அவன் வாங்கியிருக்க வேண்டிய, இனி வாங்கப் போகாத சம்பளம். அந்தச் சம்பளத்தில் விழுந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று மாதக் கணக்கில் அளந்து, முதலில் அதை அடைக்க வேண்டும். அதற்கப்புறம் மிஞ்சுவதுதான் 'எதில் போடலாம்' என்று கேட்க வேண்டிய பணம்.

பழைய கம்பெனியில் பிடித்தம் போகக் கையில் 34,000. புதுக் கம்பெனியில் 22,000. பார்த்தால் மாதம் 12,000 குறைகிறது. ஆனால் ஒரகடத்தில் ரூம் வாடகைப் பங்கு, மெஸ், வாரக்கடைசியில் ஊருக்கு வந்துபோகும் பஸ் செலவு எல்லாம் 9,500 போய்க்கொண்டிருந்தது. இப்போது வீட்டிலிருந்தே பண்ருட்டி வழியாக பைக்கில் போகிறான். பெட்ரோல், சர்வீஸ் 3,500. ஆக 6,000 மிச்சம். குறைவது 12,000 இல்லை, 6,000. சம்பள வித்தியாசத்தையே ஓட்டை என்று நினைத்து மூன்று நாள் தூங்காமல் இருந்திருக்கிறான்.

அதோடு ஒரு செலவு புதிதாக வருகிறது. பழைய கம்பெனியில் குடும்பத்துக்கே குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இருந்தது. புது இடத்தில் அது இல்லை. மொத்தச் சம்பளம் 25,000, இ.எஸ்.ஐ. வரம்பு 21,000, அதனால் அதுவும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் சேர முடியாது. இந்த மூன்றுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர். குரூப் பாலிசியில் இருப்பவர், வேலையில் இருக்கும்போதே கேட்டால், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் ஏற்கெனவே கழிந்த அளவுக்குக் கணக்கில் வரும். அவன் கேட்டு மாறியிருந்தான். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. மனைவி, இரண்டு பெண்களோடு சேர்த்து மாதத்துக்கு 1,500 என்று வைத்துக்கொண்டோம். ஓட்டை 7,500 ஆனது.

அப்போதுதான் மருமகள் உள்ளேயிருந்து ஒரு கவரைக் கொண்டுவந்து வைத்தாள். அடகுச் சீட்டுகள். வீடு கட்டும்போது வைத்த நகை, 3 லட்சம், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 6,000 அதற்கு மட்டும் போய்க்கொண்டிருந்தது. "இது கெடக்கட்டும், மொதல்ல நல்லதா ஏதாவது ஒண்ணுல போட்டுட்டு அப்புறம் மீட்டுக்கலாம்னு பாத்தேன் அத்தை" என்றான் இவன்.

பேனாவை எடுத்து எழுதிக் காட்டினேன். 3 லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால் இப்போதைய 7.4 சதவீதத்தில் மாதம் 1,850 வரும். அதே 3 லட்சத்தை அடகுக் கடையில் கொடுத்து நகையை மீட்டால் மாதம் 6,000 வெளியே போகாது. இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். ஒழுங்கான எந்த வங்கியும் அஞ்சலகமும் அதைக் கொடுக்காது. ஓட்டை 1,500-க்குச் சுருங்கிவிட்டது. என் அனுபவத்தில், செட்டில்மெண்ட் பணத்துக்கு அடகு நகையை விட நல்ல முதலீடு கிடையாது. மனைவியின் முகத்தில் தெரியும் லாபத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வீட்டுக்கடன் வேறு மாதிரி. மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வாங்கக்கூடாது. ஆனால் அதன் வட்டி குறைவு. அவசரத்துக்கு அதே வட்டியில் திரும்ப வெளியே கடன் கிடைக்காது. வட்டி அதிகமானதை முதலில் கொல்ல வேண்டும், வீட்டுக்கடன் கடைசி. இவனுக்கு வீட்டுக்கடன் இல்லை, அதனால் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

அடுத்து ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவு. வீட்டுக்கு மாதம் 25,000 ஆகிறது. ஒன்றரை லட்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புது வேலையில் புரொபேஷன் முடியும் வரை அந்தப் பணத்தை யாரும் தொடக்கூடாது, அண்ணன் உட்பட.

"மீதிய அப்படியே பேங்குல போட்டு வட்டியில வாழ முடியாதா?" என்று அண்ணன் கேட்டார். அண்ணனுக்கு மட்டுமில்லை, படித்தவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. 2000-01-இல் அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஒரு வருடச் சேவைக்கு 60 நாள் சம்பளம், அல்லது மீதியிருக்கும் மாதங்களின் சம்பளம், எது குறைவோ அது. நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் போனார்கள். எங்கள் கிளையிலும் போனார்கள். அப்போது நீண்டகால டெபாசிட்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வட்டி இருந்தது. எல்லோரும் அந்தப் பத்தை வைத்து மாத வருமானத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டு விடைபெற்றார்கள். 2003, 2004 வாக்கில் வட்டி ஆறுக்குக் கீழே இறங்கிவிட்டது. டெபாசிட் முதிர்ந்து புதுப்பிக்க வரும்போது, எதிர்ப்பக்கம் நின்று அந்த எண்ணைச் சொல்ல வேண்டியது என் வேலை. வட்டியை நம்பலாம், வட்டி விகிதத்தை நம்பக்கூடாது. அதனால்தான் இவனுக்கு மொத்தத்தையும் மாத வருமானத் திட்டத்தில் போடச் சொல்லவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து 15 லட்சம் வரை போடலாம், ஐந்து வருடம் விகிதம் மாறாது. ஆனால் ஒரு வருடத்துக்கு முன் எடுக்கவே முடியாது. மூன்று வருடத்துக்குள் எடுத்தால் 2 சதவீதம், அதற்குப்பின் எடுத்தால் 1 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 6 லட்சம் போட்டால் மாதம் 3,700 வரும். 1,500 ஓட்டைக்கு அது தாராளம்; மிச்சம் பெண்களின் ஸ்கூல் பஸ்ஸுக்கு.

மிஞ்சியது எட்டேகால் லட்சம்.

கொல்லைப் பேச்சு இங்கேதான் வந்தது. நானும் இந்த ஊர்க்காரிதான். முந்திரிக்கும் பலாவுக்கும் எதிராகப் பேசுகிற வாய் எனக்கு இல்லை. சிவப்பு மண்ணில் தானாக நிற்கிற மரம், பெரிதாகத் தண்ணீர் கேட்காது, ஒருமுறை ஒட்டுக்கன்று வைத்தால் பிள்ளை காலம் வரை காய்க்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 முந்திரி, பாலூர் 1 பலா எல்லாம் நம் மண்ணுக்கென்றே தேர்ந்தெடுத்தவை. ஆனால் 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பாட்டன் வைத்த பலாவும் அப்பன் வைத்த முந்திரியும் ஒரே காலையில் வேரோடு படுத்துவிட்டன. நிலம் இருந்தது, வருமானம் இல்லை. மறுபடி கன்று வைத்துக் காய்ப்பு வரும் வரை நிறையப் பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். எங்கள் தெருவிலும் போனார்கள்.

புயல் வராவிட்டாலும் கொல்லை வருமானம் பங்குனி, சித்திரையில் ஒரு தடவை வருவது. இவனுக்குத் தேவை மாதா மாதம். அண்ணன் பேசி வைத்த காணியின் விலை, மிஞ்சியதைத் தாண்டி நகைப் பணத்தையும் அவசரப் பணத்தையும் சேர்த்து விழுங்கும். மேலே முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம் சார்பதிவாளர் ஆபீசுக்கு. வழிகாட்டி மதிப்பு 15 லட்சம் என்றாலே 1,35,000 ரூபாய் மரம் இல்லாமல் மண் இல்லாமல் போய்விடும். "வேணும்னா அரைக் காணி, மருமக பேருல. பத்து லட்சத்துக்குள்ள இருந்தா பொம்பளை பேருல பதியறதுக்குக் கட்டணம் ஒரு பர்சன்ட் கம்மி" என்றேன். அண்ணனுக்கு அரைக் காணி பிடிக்கவில்லை. வரப்பு போடவே சரியாப் போயிடும்மா என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கொட்டை உடைக்கும் யூனிட் கதை இன்னும் சிக்கல். மருமகளின் தம்பி கெட்டிக்காரன், வேலை தெரியும். வேகவைப்பது, உடைப்பது, போர்மாவில் காயவைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் இந்தத் தொழிலில் பணம் மிஷினில் மாட்டுவதில்லை, மூட்டையில் மாட்டும். 80 கிலோ மூட்டைக் கொட்டையில் 20 கிலோவை ஒட்டித்தான் பயிறு கிடைக்கும். சீசனில் உள்ளூர்க் கொட்டை வாங்கி அடுக்க வேண்டும். சீசன் போனால் ஆப்பிரிக்கக் கொட்டை. கொட்டைக்கு ரொக்கம், பயிறுக்குக் கடன், இதுதான் பண்ருட்டிப் பக்கத்து வழக்கம். வாங்கியபின் விலை விழுந்தால் மூட்டையில் இருப்பது உன் செட்டில்மெண்ட். எட்டேகால் லட்சத்தை இதில் இறக்கினால் இரண்டாவது சீசனுக்கு எங்கே போவது?

மருமகளின் தம்பியிடம் சொன்னது இதுதான்: தொழில் உன்னுடையதாக இருக்கட்டும், கடன் வங்கியுடையதாக இருக்கட்டும், அத்தானின் பணம் ஓரமாக இருக்கட்டும். சிறு உணவு பதப்படுத்தும் யூனிட்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. சொந்தப் பணமாகப் பத்தில் ஒரு பங்கு காட்டினால் போதும். அந்தப் பத்தில் ஒரு பங்குக்கு வேண்டுமானால் அத்தான் கை கொடுக்கட்டும், எழுத்தில். உறவில் எழுத்தா என்று முகம் சுருங்கியது. உறவு இருக்கிறதால்தான் எழுத்து.

ஆப் விவகாரத்துக்கு நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. ஆருத்ரா என்று ஒரு நிறுவனம் மாதம் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,400 கோடிக்கு மேல் வாங்கியது. 2022-இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் உள்ளே நுழைந்தது. அதற்குப் பத்து வருடம் முன்னால் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. கோழி மாறும், ஆப் மாறும், வாங்குகிறவர் கையில் அப்போதுதான் வந்த மொத்தத் தொகை இருக்கும் என்பது மாறாது.

பி.எஃப். பணத்தை எடுத்துக் கொல்லையோடு சேர்த்துவிடலாம் என்றும் ஒரு யோசனை ஓடியது. அதை நான் மறித்துவிட்டேன். யு.ஏ.என். ஒன்றுதான், பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினால் 2024-25-க்குக் கொடுத்த 8.25 சதவீதம் மாதிரி ஒரு வட்டி வேறு எங்கே கிடைக்கும்? பென்ஷன் கணக்கில் இவனுக்குப் பத்து வருடம் தாண்டிவிட்டது, அதை எடுக்கவும் முடியாது, 58 வயதில் மாத ஓய்வூதியமாக வரும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பர் 1-இல் நின்றது. அங்கேதான் முதல் வேலை என்று சேர்ந்த பிள்ளைகள் யாருக்கும் அந்த ஆலையில் பத்து வருடம் ஆகியிருக்க வழியில்லை. அப்படிப் பத்துக்குக் கீழே இருப்பவர்கள் பென்ஷன் தொகையை எடுத்துச் செலவழித்துவிடாமல், திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த கம்பெனியில் அந்த வருடங்கள் சேர்ந்துகொள்ளும். இருபத்தைந்து வயதில் இதைச் சொன்னால் யார் காதில் ஏறும் என்பது வேறு.

எட்டேகால் லட்சம் இப்போது இரண்டு வங்கிகளில் ஒரு வருட டெபாசிட்டாக இருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு, அதனால் இரண்டு. நாமினி பெயர் போட்டாகிவிட்டது. பழைய கம்பெனியில் வாங்கிய தொகையைப் புதுக் கம்பெனி அக்கவுண்ட்ஸில் சொல்லிவிடு, அவர்கள் 25,000 சம்பளக்காரனுக்கு வரி இல்லை என்று விட்டுவிட்டால் ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போடும்போது நீதான் மாட்டுவாய் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணன் இன்னும் அந்தக் காணிக்காரரிடம் விலை பேசிக்கொண்டுதான் இருக்கிறார். டெபாசிட் முதிரும்போது பையன் புரொபேஷன் முடிந்திருப்பான், அதற்குள் விலை இறங்கினால் அரைக் காணியைப் பற்றி நானே பேசுகிறேன் என்றிருக்கிறேன்.